வீட்டிலிருந்தே அலுவல்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் சரக்கு இறக்குவோர் நேரில் சென்றே தீர வேண்டும். கணக்கு எழுதுவோர் வீட்டிலிருந்தும் எழுதலாம். 2020-ஆம் ஆண்டுப் பொது முடக்கம் இவ்வேறுபாட்டை யாவருக்கும் உணர்த்திற்று.

வீட்டிலிருந்தால் வேலை குன்றுமோ? ஷாங்காய் நகரப் பயண நிறுவனமொன்று 2010-ஆம் ஆண்டிறுதி முதல் ஒன்பது மாதம் இதனைச் சோதித்தது. வீட்டிலிருந்து தொலைபேசிப் பணி செய்தோரின் வேலை, அலுவலகத்தில் இருந்தோருடையதைவிட 13 விழுக்காடு மிகுந்தது. எனினும், பின்னர்ப் பலர் தனிமை தாளாது அலுவலகம் திரும்பினர். அவர்கட்குத் தனியறையும் இணைய இணைப்பும் இருந்தன என்பதும் கருதத்தக்கது.

ஓரறை வீட்டில் அமைதி ஏது? எண்ணூரை அடுத்த மீஞ்சூர் வட்டார ஊராட்சிகள், நூலகக் கட்டடத்தில் மேசையும் மின்வசதியும் இணைய இணைப்பும் அமைத்துத் தரலாம். தனிமை நீங்கும், பயணச் செலவும் மிச்சமாகும். படித்த இளைஞர் ஊரிலேயே தங்குவர். உறுப்பினர்கள் இதனை மன்றத்தில் ஆராய்வார்களாக.