ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

கோடை விடுமுறை நெருங்கும்போது பல வீடுகளில் ஒரு தாள் தயாராகும். காலை 6 மணிக்கு வேன், 8 மணிக்கு டிபன், 9 மணிக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா, 11 மணிக்குத் தொட்டபெட்டா சிகரம், 1 மணிக்குச் சாப்பாடு, பிறகு படகு இல்லம், ரோஜா தோட்டம், இறங்கும் வழியில் குன்னூர் சிம்ஸ் பூங்கா. பெரியவர்கள் மட்டும் போனால் இந்தத் தாள் அப்படியே நடந்தேறும். வேனில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் தொட்டபெட்டாவிலேயே எல்லாம் கலைந்துவிடும். பசியிலும் தூக்கத்திலும் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போறதா" என்று வரிசையில் நிற்கும் அம்மாக்களை மே மாத ஊட்டியில் எங்கும் பார்க்கலாம். நானும் அப்படி நின்றிருக்கிறேன். அன்று பார்த்த மலைச் சிகரம் எனக்கும் நினைவில் இல்லை, என் பிள்ளைக்கும் இல்லை.

அதற்குப் பிறகு திட்டம் போடும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போது தாளில் முதலில் எழுதுவது இடங்களை அல்ல. பிள்ளைகள் வீட்டில் எப்போது சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்பதை எழுதுகிறேன். சின்னவன் மதியம் 12.30 மணிக்குக் கண் சொக்கி 2.30 மணிக்கு எழுவான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு முதலில் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். மிஞ்சுவது காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். காலைக்கு ஓர் இடம். மாலைக்கு, தங்கும் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு புல்வெளியோ கடைத்தெருவோ போதும். இப்படிப் போட்டால் ஊட்டிக்கு மூன்று நாள் போனாலும் மூன்று இடம்தான் பார்க்க முடியும். பாதகமில்லை. தாவரவியல் பூங்கா 1848-லிருந்து அங்கேதான் இருக்கிறது, அடுத்த வருடமும் இருக்கும்.

மலை ஏறுவதே பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் இந்த வாந்தித் தொல்லை அதிகம். காருக்குள் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது அசையாத முன் சீட்டின் முதுகு. உள்காதோ, வளைவுக்கு வளைவு உடம்பு சாய்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. அழாமல் இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்தால் குமட்டல் கூடத்தான் செய்யும். பின் சீட்டின் நடுவில், முன் கண்ணாடி வழியே சாலை தெரியும்படி பெல்ட் போட்டு உட்காரவைத்து, தூரத்து மலையைக் காட்டுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வயிறு முட்ட பூரி கொடுத்து ஏறாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி சரியாக இருக்கும். தூங்கும் பிள்ளைக்குக் குமட்டல் குறைவு என்பதால், மலைச் சாலையை மதியத் தூக்க நேரத்தில் வைப்பது இரட்டை லாபம். மாத்திரை வேண்டுமென்றால் பிள்ளையின் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது தவறு.

இதற்கெல்லாம் மாற்று, மலை ரயில். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் பிள்ளைகள் தூங்கியே வந்துவிடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், பெர்த் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெர்த் எடுத்துவிடுங்கள். அந்தப் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்தால் அம்மாவும் பிள்ளையும் இரவெல்லாம் தூங்காமல் வந்து இறங்குவார்கள், மறுநாள் முழுக்க வீணாகும்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணிக்குச் சற்றுப் பிறகு புறப்படும் ரயில் ஊட்டி சேர நண்பகலாகும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். 16 குகைகள், 208 வளைவுகள், சுமார் 250 பாலங்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். நீராவி இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முதல் முறை போனபோது முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்ஜினைக் காணோம்!" என்று சின்னவன் பதறினான். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது பின்னால் கூட்டிப்போய்க் காட்டினோம். புகையும் நீராவியுமாக நின்ற அதன் முன் சின்னவனும் அவன் அக்காவும் வாயடைத்து நின்றார்கள். அங்கே குரங்குகள் அதிகம். தின்பண்டப் பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் வெளியே தெரியும்படி கொடுக்கக் கூடாது.

ஆனாலும் நான்கு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அந்த ஐந்து மணி நேரப் பயணத்தை நான் சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை, எழுந்து நடக்க இடமில்லை. குன்னூர் வரை காரில் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறலாம். ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று போகும். கேத்தி பள்ளத்தாக்கு ஜன்னலுக்கு நேரே விரியும். டீசல் இன்ஜின்தான் என்றாலும் 'கூ' சத்தமும் குகையின் இருட்டும் உண்டு, சின்னப் பிள்ளைக்கு அது தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது உண்டு என்பதால், அந்த மாதங்களில் இதை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

பையில் என்ன எடுத்துப் போவது? ஒரே ஒரு கைப்பை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு ஜோடி மாற்றுடை, துண்டு, டயாபர், ஃபிளாஸ்கில் வெந்நீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எண்ணெய் விட்டுப் பிசறிய மிளகாய்ப்பொடி இட்லி, கடலை மிட்டாய். தயிர்சாதம் மதியம் வரை தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஸ்வெட்டரையும் குல்லாவையும் பெரிய பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், குன்னூர் தாண்டியதும் தேட வேண்டி வரும்.

பெரியவளுக்கு இப்போது ஆறு வயது. எந்த நாளில் எந்த இடம் என்பதை அவளே தேர்வு செய்ய விடுகிறோம். போன முறை ரோஜா தோட்டத்தை விட்டுவிட்டு, லவ்டேல் நிலையத்தில் இறங்கி நடைமேடையில் விளையாடலாம் என்றாள். அப்படியே செய்தோம். அடுத்த ரயில் வரும் வரை சரளைக்கல் பொறுக்கினார்கள். ஒருவரும் அழவில்லை.

நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாதத்துக்கு என்றால் மார்ச்சிலேயே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முதலில் ரயில் டிக்கெட் எடுங்கள், அது கிடைத்த பிறகு அறை போடுங்கள்.