'பொறு' என்று சொல்லும் ஆர்.என்.ஏ.!
சுண்டெலியிடம் பெங்களூர் விஞ்ஞானி கண்ட அதிசயம்

கலியாணம் ஆகி மூன்று ஆண்டு ஆகிறது. வீட்டில் தொட்டில் ஆடவில்லை. உடனே என்ன சொல்லுகிறார்கள்? "மருமகளிடம்தான் கோளாறு" என்கிறார்கள். அவளும் அரச மரத்தைச் சுற்றுகிறாள், விரதம் இருக்கிறாள். மகனை டாக்டரிடம் போகச் சொல்ல யாருக்கும் மனம் வருவது இல்லை.

இது பெரிய அநியாயம். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் விஷயத்தில், ஆணிடமும் குறை இருக்கிறது. அந்தக் குறைகளில் சில, கண்ணுக்குத் தெரியாத ஒரு 'செல்' இரண்டாகப் பிரிகிற இடத்தில் தொடங்குகின்றன.

பாதிக் கணக்கு

மனித உடம்பின் செல்லுக்குள் 46 குரோமோசோம்கள் உண்டு. நூல் இழை போன்றவை. தாயின் சாயல், தந்தையின் சாயல் எல்லாம் இவற்றில்தான் எழுதி இருக்கிறது. தோலிலோ குடலிலோ ஒரு செல் பிரிந்தால், பிரிந்த இரண்டிலும் 46 இருக்கும்.

விந்தணுவுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. தந்தை 23, தாய் 23 கொடுத்தால்தான் குழந்தைக்கு 46 சேரும். ஆகவே, ஆணின் விதைப்பையில் உள்ள தாய்ச் செல்கள் இரண்டு வேலை செய்கின்றன. முதலில், 46 குறையாமல் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. பிறகு அவற்றில் சில மட்டும், பாதியாகக் குறையும் வழியில் போகின்றன. ஒரு தாய்ச் செல் விந்தணு ஆகி முடிய ஏறத்தாழ 70 நாள் பிடிக்கும்.

எல்லாத் தாய்ச் செல்களும் ஒரேயடியாகப் பாதியாகிவிட்டால், கைமுதல் தீர்ந்துவிடும். ஒன்றுமே பாதியாகாவிட்டால் விந்தணுவே இல்லை. அப்படியானால், "இப்போது பொறு", "இப்போது போ" என்று சொல்லுவது யார்?

பட்டறையில் ஒரு சீட்டு

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையை எண்ணிப் பாருங்கள். மூல டிராயிங் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. லேத்துக்காரர் கையில் இருப்பது அதன் நகல். நகலைப் பார்த்து அவர் இரும்பைக் கடைகிறார். செல்லுக்குள்ளும் இதே கதைதான். டி.என்.ஏ. மூல டிராயிங். ஆர்.என்.ஏ. நகல். கடைந்து எடுக்கும் சாமான், புரதம்.

ஆனால், சில ஆர்.என்.ஏ.க்களிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவது இல்லை. இவற்றை வெறும் கழிவுக் காகிதம் என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்தார்கள். அது கழிவு அல்ல. மேஸ்திரி எழுதிக் கொடுத்த உத்தரவுச் சீட்டு!

அப்படி ஒரு சீட்டைக் கண்டுபிடித்தவர், எம்.ஆர்.எஸ். ராவ். 1948-ல் மைசூரில் பிறந்தவர். பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு ஆராய்ச்சி நிலையத்துக்கு 2003 முதல் 2013 வரை தலைவராக இருந்தார். 2010-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2023-ல் காலமானார்.

அவரும் அவருடைய மாணவர்களும் தேடியது வேறு. செல் பாதியாகும்போது, தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ளும். அந்த இடத்தைத்தான் சுண்டெலியிடம் தேடினார்கள். தேடிய இடத்தில், 2,400 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. அகப்பட்டது! அதிலிருந்து புரதம் உண்டாகவில்லை. செல்லின் கருவை விட்டு அது வெளியே வரவும் இல்லை. 'எம்.ஆர்.எச்.எல்.' என்று பெயர் வைத்து, 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அது என்ன வேலை செய்கிறது? சுண்டெலியின் தாய்ச் செல்களைச் சோதனைச்சாலையில் வளர்த்து, அந்த ஆர்.என்.ஏ.யை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். உடனே, செல்லுக்குள் தூங்கிக் கிடந்த 'வின்ட்' என்னும் சமிக்ஞை விழித்துக்கொண்டது. இது 2012-ல் வெளிவந்தது. 2017-ல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. பாதியாகும் வேலையைத் தொடங்கி வைக்கும் ஜீன்களில் ஒன்று, 'சாக்ஸ்-8'. இந்த ஆர்.என்.ஏ., 'பி-68' என்ற புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சாக்ஸ்-8 வாசலில் காவல் இருக்கிறது. வெளியே இருந்து 'வின்ட்' சமிக்ஞை வந்தால், ஆர்.என்.ஏ. குறைகிறது. காவல் விலகுகிறது. சாக்ஸ்-8 வேலையைத் தொடங்குகிறது.

நம்மவர் நிலை

இது சுண்டெலிக் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். மனிதனிடமும் ஆர்.என்.ஏ. சங்கதி உண்டு. ஆணுக்கு மட்டுமே உரிய 'ஒய்' குரோமோசோமில், 'டாஸ்' என்ற ஜீன்கள் இருக்கின்றன. ஆர்.என்.ஏ.யைப் பிடித்து வேலை வாங்கும் புரதத்தை இவை உண்டாக்குகின்றன. விந்தணுவே இல்லாத சில ஆண்களிடம் இந்தத் துண்டு காணவில்லை என்று, 1995-ல் அமெரிக்காவில் கண்டார்கள்.

நம் நாட்டில், ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தமிழர் டாக்டர் தங்கராஜும் அவருடைய குழுவினரும் விந்தணு இல்லாத 340 ஆண்களைச் சோதித்தார்கள். 'ஒய்' குரோமோசோமில் துண்டு குறைந்தவர்கள், நூற்றுக்கு 8 பேருக்குச் சற்று மேல். இந்த முடிவு 2003-ல் வெளிவந்தது. பிறவியிலேயே வந்த குறை இது. இந்த ஆண்களின் மனைவிமாரை யார் யார் என்னென்ன பேசினார்களோ!

ராவின் ஆராய்ச்சியிலிருந்து மருந்து எதுவும் வந்துவிடவில்லை. "ஆர்.என்.ஏ. லேகியம்" என்று யாராவது விற்றால், காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

ஆனால், ஆணுக்கான முதல் சோதனை மிக எளிது. கத்தி இல்லை, ஊசி இல்லை. விந்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு தடவை குறைந்திருந்தால் பயப்பட வேண்டியது இல்லை. முன்பு கடுங்காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை குறையும். விந்தணு உருவாக 70 நாள் ஆகிறது அல்லவா? அதனால்தான் டாக்டர்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லுகிறார்கள்.