மலாக்காவுக்கு எத்தனை எழுத்து?

ஜாசின் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், நான் எழுதிய சொல் விளையாட்டை மாணவர்கள் முதன்முறையாக விளையாடினார்கள். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். 'மலாக்கா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று திரை கேட்டது. ஒரு சிறுமி நான்கு என்று அழுத்தினாள். "தவறு, விடை ஏழு" என்றது என் நிரல். அவள் எதுவும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்த 4-ஐ அழித்துவிட்டு 7 என்று எழுதினாள்.

சரியாக எண்ணிய பிள்ளையைத் தவறாக எண்ண வைத்துவிட்டேன். இன்று மென்பொறியாளராக வேலை செய்கிறேன். என் பழக்கங்கள் பலவும் அந்த நாளில்தான் தொடங்கின.

முதலில் நான் கணினியைத்தான் குறை சொன்னேன். காரணத்தைத் தேடியபோதுதான் உண்மை புரிந்தது. ம, லா, க், கா என நாம் நான்காக எண்ணுகிறோம். யூனிகோடு முறையில் துணைக்காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு. ஆகவே ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால் என ஏழு. கணினி சொன்னதைச் செய்தது. நான்தான் தவறாகச் சொல்லியிருந்தேன்.

ஏன் முன்பே தெரியவில்லை? நான் சோதித்ததெல்லாம் ரோமன் எழுத்தில் உள்ள மலாய்ச் சொற்கள். அன்றிலிருந்து, நிரலை ஓட்டுவதற்கு முன் விடையைக் கையால் கணக்கிட்டு எழுதி வைக்கிறேன். யார் பயன்படுத்துவார்களோ அவர்களுடைய சொற்களையே கொடுத்துச் சோதிக்கிறேன்.

இரண்டாவது பழக்கம் அம்மாவிடம் கற்றது. அவர் பால்மரம் சீவியவர். "ஆழமா வெட்டுனா மரம் புண்ணாயிரும். மெல்லிசா சீவுனாத்தான் நாளைக்கும் பால் வரும்" என்பார். நிரலிலும் ஒரு நேரத்தில் ஒரு சிறு மாற்றம்தான் செய்வேன். ஓட்டிப் பார்த்து, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி 'கிட்'டில் சேமிப்பேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இந்தக் கருவி இலவசம். தவறு நேர்ந்தால், எந்த மாற்றத்தில் நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, கேட்கும் முறை. பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள். பிறகு, "இதை எதிர்பார்த்தேன், இது வந்தது, இவற்றைச் செய்து பார்த்தேன்" என்று மூத்தவர்களிடம் சொல்லுங்கள். பாதி நேரம், சொல்லும்போதே விடை கிடைத்துவிடும்.

நான்காவது, பொறுமை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப உதவிய அவருடைய செல்லினம் வந்தது 2005-இல். கணினியில் தமிழ் என்ற ஒரே துறையில் இருபது ஆண்டு உழைப்பு அது. மாதத்துக்கொரு புதிய மொழிக்குத் தாவுவதைவிட, ஒரு சிக்கலோடு நீண்ட நாள் இருப்பவரே வளர்கிறார்.

அடுத்த வாரம் திருத்திய நிரலோடு அதே பள்ளிக்குப் போனேன். "நீ சொன்னதுதான் சரிம்மா. அண்ணன் செஞ்சது தப்பு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மீண்டும் 4 என்று எழுதினாள்.

தம்பி தங்கைகளே, இன்று உங்கள் ஊர்ப் பெயரை விரல்விட்டு எண்ணுங்கள். பிறகு பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேளுங்கள். இரண்டும் மாறுபட்டால், ஏன் என்று தேடுங்கள். உங்கள் முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.