பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்?

சிடிசி பற்றுச்சீட்டு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. பணம் அரசாங்கத்துடையது, திட்டத்தில் சேர்ந்துள்ள எந்தக் கடையில் அதைச் செலவிடுவது என்ற முடிவு நம்முடையது. பள்ளிப் படிப்புக்கும் இப்படி ஒரு பற்றுச்சீட்டு இருந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்கப் பொருளியல் வல்லுநர் மில்டன் ஃபிரீட்மன் 1955ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த யோசனையை முன்வைத்தார். கல்விச் செலவை அரசாங்கம் ஏற்கட்டும். ஆனால், எல்லாப் பள்ளிகளையும் அதுவே நடத்த வேண்டியதில்லை. ஒரு மாணவருக்கு ஆகும் செலவைப் பற்றுச்சீட்டாகப் பெற்றோரிடம் கொடுத்தால், அவர்கள் விரும்பும் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்றார் அவர்.

ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வசதியுள்ள குடும்பங்கள் ஏற்கெனவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்கின்றன. கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்க்கின்றன அல்லது நல்ல பள்ளி இருக்கும் வட்டாரத்துக்கு வீடு மாறுகின்றன. அந்த வாய்ப்பு ஏழைப் பிள்ளைக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? மாணவர்களை இழந்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தால் எல்லாப் பள்ளிகளும் தரத்தை உயர்த்தும் என்பதும் அவர்களின் நம்பிக்கை. பொதுப் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பணம் தனியாருக்குப் போய்விடும், எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகள் மட்டுமே அங்கு மிஞ்சுவார்கள் என்பது எதிர்ப்போரின் கவலை.

இரண்டில் எது சரி? இந்த யோசனையை நாடு முழுவதும் செயல்படுத்திய சிலியின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது.

சிலியின் சோதனை

தென்னமெரிக்க நாடான சிலியில் 1973ஆம் ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் அகஸ்டோ பினோசேயின் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறியவர்களில் பலர், ஃபிரீட்மன் கற்பித்த சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1981ஆம் ஆண்டில் கல்வி முறை மாற்றி அமைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றோர் கையில் சீட்டு எதுவும் தரப்படவில்லை. மாணவர் எந்தப் பள்ளியில் சேர்கிறாரோ, அந்தப் பள்ளிக்கு அவருடைய வருகைப் பதிவின்படி அரசாங்கம் நேரடியாகப் பணம் கொடுத்தது. நகராட்சிப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் தொகை ஒன்றுதான்.

புதிய தனியார் பள்ளிகள் வேகமாகப் பெருகின. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டு மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் படித்தனர். முப்பது ஆண்டுகளில் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரசாங்கப் பணம் பெறும் தனியார் பள்ளிகளுக்கு மாறிவிட்டனர்.

ஆனால், திட்டத்தின் விதிகளில் ஒரு சிக்கல் இருந்தது. தனியார் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்தும், பெற்றோரை நேர்காணல் செய்தும் மாணவர்களைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. 1993ஆம் ஆண்டு முதல், அரசாங்கம் தரும் தொகைக்கு மேல் பெற்றோரிடமும் கட்டணம் வாங்குவது பரவலானது. இதனால், பள்ளியைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லப்பட்ட திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. கற்பிக்க எளிதான பிள்ளைகளையும் கட்டணம் கட்டக்கூடிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் போதும். கற்பித்தலை மேம்படுத்தாமலேயே பள்ளியின் சராசரி மதிப்பெண் உயர்ந்துவிடும்.

பொருளியல் ஆய்வாளர்கள் சாங்-டாய் ஷியே, மிகெல் உர்கியோலா இருவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சுட்டியது. திட்டத்தால் நாட்டின் சராசரிக் கல்வித்தரம் உயர்ந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. நடுத்தர வர்க்க மாணவர்கள் பொதுப் பள்ளிகளைவிட்டு வெளியேறியதையே அவர்கள் கண்டனர். அனைத்துலக ‘பீசா’ தேர்வில் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குள் சிலி முன்னணியில் இருப்பதைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். அதே சிலியில்தான் ஏழைகளும் வசதியானவர்களும் வெவ்வேறு பள்ளிகளில் பிரிந்து படிக்கும் நிலை மிகுதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘பெங்குவின்’ போராட்டம்

இந்த நிலையை நாட்டின் விவாதமாக மாற்றியவர்கள் உங்கள் வயதுடையவர்கள்தான்.

2006ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கில் வகுப்பறையைவிட்டு வீதிக்கு வந்தனர். கருநீலமும் வெள்ளையும் கலந்த சீருடையால் அவர்களுக்குப் ‘பெங்குவின்கள்’ என்று பெயர். இலவசப் பேருந்துப் பயணம், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டணத்தை நீக்குதல் என்றே கோரிக்கைகள் தொடங்கின. பின்னர், பினோசே பதவி விலகுவதற்கு முந்தைய நாள் வெளியான கல்விச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றனர். 2009ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது.

இதற்கிடையே, 2008ஆம் ஆண்டில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டது. அத்தொகையைப் பெறும் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஏழை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி குறைந்தது. பற்றுச்சீட்டு முறை அப்படியேதான் இருந்தது, விதிகள்தான் மாறின.

2011ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். அந்த மாணவர் தலைவர்களில் ஒருவரான கேப்ரியல் போரிக் 2022ஆம் ஆண்டில் தமது 36வது வயதில் நாட்டின் அதிபரானார்.

2015ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கப் பணம் பெறும் பள்ளிகள் லாபம் ஈட்டுவதையும் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதையும் தடுத்தது. பெற்றோர் செலுத்தும் கட்டணத்தைப் படிப்படியாக நீக்கவும் வழிசெய்தது. இப்போது பெற்றோர் தங்கள் விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கணினி வழி விண்ணப்பிக்கின்றனர். இடம் போதாத பள்ளிகளில், உடன்பிறந்தோர் அங்கு படிப்பது போன்ற முன்னுரிமைகளுக்குப் பிறகு குலுக்கல்தான் முடிவு செய்கிறது.

எல்லாரும் இதில் மகிழ்ச்சி அடையவில்லை. சாண்டியாகோவில் 1813ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘இன்ஸ்டிடியூட்டோ நேஷனல்’ ஒரு பொதுப் பள்ளி. பல அதிபர்கள் அங்கு படித்தவர்கள். தேர்வு எழுதி அங்கு இடம் பிடிப்பது, திறமையான ஏழைப் பிள்ளை முன்னேறும் வழியாக இருந்தது. குலுக்கல் வந்தால் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்கும் பெற்றோரின் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு.

நமக்கு என்ன?

சிங்கப்பூரில் பெரும்பாலோர் படிப்பது அரசாங்கப் பள்ளிகளிலோ அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலோதான். ஆயினும், கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. தொடக்கநிலை ஒன்று பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் கணக்கில் வருகிறது. இடம் போதாவிட்டால் இங்கும் குலுக்கல் உண்டு. எதற்கு முன்னுரிமை என்ற விவாதம் நம் வீடுகளிலும் நடக்கிறது.

அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று அடுத்த முறை வகுப்பில் விவாதம் வந்தால், பள்ளியை நடத்துவது யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யாரைச் சேர்க்காமல் விடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். சிலி மாணவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது அந்தக் கேள்விதான்.