ஒரு கமாவின் விலை ஐம்பது லட்சம் டாலர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்றொரு பால் நிறுவனம். ஓவர்டைம் சம்பளம் கேட்டு அதன் லாரி ஓட்டுநர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. உணவுப் பொருட்களை டப்பாவில் அடைப்பது, பதப்படுத்துவது, உறையவைப்பது, உலர்த்துவது, சேமித்து வைப்பது என்று போன அந்தப் பட்டியல், ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடிந்தது. ஷிப்மென்ட் என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. வழக்கு முழுவதும் அந்த இடத்தில்தான் நின்றது.

அங்கே ஒரு கமா இருந்திருந்தால் விநியோகம் என்பது பட்டியலில் தனி வேலையாகியிருக்கும். லாரியில் பால் கொண்டுபோகிறவர்களுக்கு ஓவர்டைம் இல்லை என்று வழக்கு முடிந்திருக்கும். கமா இல்லாததால் வேறொரு பொருளுக்கும் இடம் கிடைத்தது: அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பேக் செய்வது என்ற ஒரே வேலை. ஓட்டுநர்கள் பேக் செய்கிறவர்கள் அல்ல. பட்டியலில் உள்ள மற்ற வேலைகள் எல்லாம் ‘இங்’ என்று முடிகின்றன, டிஸ்ட்ரிபியூஷன் அப்படி முடியவில்லை, ஆகவே அது ஷிப்மென்ட்டுக்குத்தான் ஜோடி என்றும் அவர்கள் தரப்பு வாதாடியது. நிறுவனமும் இலக்கணத்தோடுதான் வந்தது. பேக்கிங்தான் கடைசி வேலை என்றால் அதற்கு முன்னால் ஓர் ‘ஆர்’ இருக்க வேண்டாமா என்று கேட்டது. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா வேண்டாம் என்று சொல்லும் மெய்ன் மாநிலச் சட்ட வரைவுக் கையேட்டையும் எடுத்து நீட்டியது.

2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்கியம் தெளிவாக இல்லை, அந்த நிலையில் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஐம்பது லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

மெய்ன் கையேடு சட்டம் எழுதுகிறவர்களுக்கானது. ஆனால் கமா எங்கே வேண்டும் என்று சொல்லும் நடைக் கையேடுகளில் புகழ்பெற்ற சில அச்சுக்கூடத்தில் பிறந்தவை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய ஹொரஸ் ஹார்ட், எழுத்துக் கோப்பவர்கள் ஆளுக்கொரு விதமாகக் குறி போடாமல் இருக்க 1893இல் ஒரு சிறு விதித்தொகுப்பு அச்சிட்டுக் கொடுத்தார். வெளியார் பலரும் அதைத் தேட, 1904இல் விற்பனைக்கே வந்தது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு 1906இல் வந்தது. 2024இல் வந்தது அதன் பதினெட்டாம் பதிப்பு. இன்று ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு. ஆறாம் அத்தியாயம் முழுக்க நிறுத்தக்குறிகள்.

கையேடுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா போடு என்கிறது சிகாகோ. குழப்பம் வராத எளிய பட்டியலில் தேவையில்லை என்கிறது, அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் பின்பற்றும் ஏபி கையேடு. இரண்டுமே பிழையல்ல. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

நம் ஊர்ப் பள்ளிகளில் தலைமுறைகளாகச் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: மூச்சு விடும் இடத்தில் கமா போடு. உரக்கப் படிப்பதற்காகக் குறிகள் பிறந்த காலத்துக்கு அது சரி. இன்றைய ஆங்கிலத்தில் கமா வாக்கியத்தின் கட்டமைப்பைக் காட்டுகிறது. அதனால் கையேட்டைத் திறக்கும்போது ‘இங்கே நிறுத்த வேண்டுமா’ என்று தேடினால் விடை கிடைக்காது. ‘இந்தப் பகுதி வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது’ என்று கேட்டுத் தேட வேண்டும்.

‘மதுரையில் இருக்கும் என் அண்ணன் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம். இதை ஆங்கிலத்தில் ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டீச்சர்’ என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் மதுரையில் இருப்பவரைப் பிரித்துக் காட்டுவதாகப் பொருள். பிரதருக்குப் பின்னும் மதுரைக்குப் பின்னும் கமா போட்டால், இருப்பது ஒரே சகோதரர், அவர் மதுரையில் இருப்பது கூடுதல் தகவல். தமிழில் ‘இருக்கும்’ என்ற பெயரெச்சம் இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குக் கண்ணில் படுவதில்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டால் யாரைப் பற்றிய பேச்சு என்பது மாறுகிறதா? மாறினால் கமா வேண்டாம். மாறாவிட்டால் இரு பக்கமும் வேண்டும். இந்தச் சோதனையை ஆங்கிலக் கையேடுகள் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லித்தருகின்றன.

காது கைகொடுக்காத இடமும் உண்டு. ‘இட்ஸ் ரெயினிங்’ என்பதில் வரும் இட்ஸ், ‘தி கேட் லிக்ட் இட்ஸ் பா’ என்பதில் வரும் இட்ஸ் இரண்டும் ஒரே ஒலி. ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துச் சொல்ல முடிந்தால் மட்டுமே அபாஸ்ட்ரஃபி. பூனையின் பாதத்துக்கு அது கிடையாது.

எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பது தேவையைப் பொறுத்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த பி. சி. ரென், எச். மார்ட்டினோடு சேர்ந்து எழுதிய இலக்கண நூல் இன்றும் நம் கடைகளில் கிடைக்கிறது. விதிகளையும் பயிற்சிகளையும் ஒழுங்காகக் கோத்த நூல், நிறுத்தக்குறிகளும் அதில் உண்டு. உதாரண வாக்கியங்களில் மட்டும் பழைய வாடை அடிக்கும். தானாகப் படிப்பவருக்கு ரேமண்ட் மர்ஃபி 1985இல் கேம்பிரிட்ஜ் வழியாக வெளியிட்ட ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ இன்னும் வசதி: இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடைகள். காலங்கள், துணைவினைகள், முன்னிடைச்சொற்கள் அதன் பலம். கமாவுக்கு வேறு நூல் வேண்டும். மர்ஃபியின் நூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதும் இல்லை. பின்பகுதியில் ஒரு தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பாட எண் தரப்பட்டிருக்கும். தவறிய கேள்விகளின் எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பாடங்களுக்கு மட்டும் போனால் போதும்.