செப்புக் காசுக்கு ஓர் அலுமினிய வளையம்

1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த பான்-அமெரிக்கன் கண்காட்சியில் புதுவிதமான ஒரு நினைவுப் பொருள் புழங்கியது. நடுவில் அசல் ஒரு சென்ட் காசு, அதைச் சுற்றிப் பளபளக்கும் அலுமினிய வளையம். வளையத்தில் கண்காட்சியின் பெயரோ, ஏதாவது ஒரு கடையின் பெயரோ பொறித்திருக்கும்.

கடைக்காரர்களுக்கு இது விளம்பரம். துண்டுச் சீட்டைக் கொடுத்தால் வாங்கியவர் தெருமுனை தாண்டும் முன் எறிந்துவிடுவார். காசை யார் எறிவார்? அதிலும் இது அதிர்ஷ்டக் காசு என்று சொல்லித் தரப்பட்டது. கையில் வைத்திருந்தால் பணமுடை வராது என்ற வாசகமும் பல வளையங்களில் உண்டு. சொற்பச் செலவில் ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே குடியிருக்கும் விளம்பரம்! அந்தக் காலத்து வணிக மூளைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

செய்முறை எளிது. அலுமினிய வில்லையின் நடுவே காசு நுழையும் அளவுக்குத் துளை போடுவார்கள். காசை அதில் வைத்து, மேலும் கீழும் அச்சுகளால் ஓங்கி அழுத்துவார்கள். மென்மையான அலுமினியம் உள்பக்கம் பிதுங்கிக் காசின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். எழுத்துகளும் அதே அழுத்தத்தில் பதிந்துவிடும். பசை கிடையாது, பற்றவைப்பும் கிடையாது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. அப்போது அலுமினியம் அரிய உலோகம். 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையோடு பொருத்தப்பட்டது ஒரு சிறு அலுமினியப் பிரமிடு. 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகே விலை சரிந்தது. ஹாலின் நிறுவனம் 1895-லேயே நயாகரா அருவியின் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் எடுக்கத் தொடங்கியது. பஃபலோ கண்காட்சியின் விளக்குகள் எரிந்ததும் அதே அருவியின் மின்சாரத்தில்தான்.

இந்த வளையக் காசுகளைச் சேகரிப்பவர்கள் முதலில் காசை விரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். ஆடினால் பிற்காலத்தில் யாரோ காசை மாற்றியிருக்கலாம். காசின் ஆண்டையும் கண்காட்சி ஆண்டோடு ஒப்பிடுவது நல்லது. 1901 வளையத்துக்குள் அதற்குப் பிந்தைய காசு இருந்தால் அது பின்னால் மாற்றியதுதான், சந்தேகமே வேண்டாம். புளியோ பாலிஷோ போட்டுத் துலக்கவே கூடாது, மதிப்பு போய்விடும். பிவிசி உறையிலும் வைக்காதீர்கள், செம்பில் பச்சை படியும்.