நடமாட்ட மணியும் காவற்காரரும்

சென்ற சில மாதங்களாக நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில், நெசவாளர் சங்கமாயினும் உழவர் சங்கமாயினும், ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. வாயிலில் வயர்லெஸ் மணி ஒன்றைப் பொருத்திவிட்டால் இரவுக் காவலுக்கு ஆள் வேண்டுமா என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் நிர்வாகக் குழு உறுப்பினராக இருப்பார். கையில் வரவு செலவுத் திட்டம் இருக்கும். காவற்காரரின் சம்பளத்திற்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருப்பார். மணியின் விலை சில ஆயிரம் ரூபாய். ஒரு முறை கொடுத்தால் போதும். சம்பளமோ மாதந்தோறும் கொடுக்க வேண்டியது. கணக்கு எளிதாகத்தான் தோன்றுகிறது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தால் நேர்ந்த பிழை ஒன்றையும் இக்கட்டுரையில் மறைக்காமல் எழுதுகிறோம்.

கருவி யாதென்பதை முதலிற் காண்போம். மேல்நாடுகளில் பல வீடுகள் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருக்கும். சாலைக்கும் வீட்டிற்கும் இடையே வண்டி வருவதற்கெனத் தனிவழி ஒன்று இருக்கும். அவ்வழியில் யாரேனும் நுழைந்தால் வீட்டிற்குள் மணி ஒலிக்க வேண்டும் என்று செய்யப்பட்டதே இக்கருவி. நம் பக்கத்துத் தோப்பு வீட்டிற்கும், களத்திற்கும், சங்கப் பண்டகசாலைக்கும் அது பொருந்தாதென்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று வெளியே கம்பத்திலோ சுவரிலோ இருந்து நடமாட்டத்தை உணர்வது. மற்றொன்று உள்ளே இருந்து ஒலிப்பது. இரண்டையும் இணைக்கக் கம்பி இல்லை. ரேடியோ அலையே இணைக்கிறது.

உணரும் பாகத்தின் சூட்சுமத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம். பின்னால் வரும் தொல்லைகள் யாவும் இங்கிருந்தே தொடங்குகின்றன. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் ஏறக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் அவ்வாறு அறியப்பட்டது. மனித உடலும் இக்கதிரை இரவு பகலாக வீசிக்கொண்டே இருக்கிறது. கருவியினுள்ளே இக்கதிரை உணரும் இரண்டு சிறு தகடுகள் அருகருகே உள்ளன. ஒன்றில் எழும் மின்சாரத்தை மற்றொன்று கழித்துவிடும்படி அவை எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. பொழுது ஏற ஏற இடம் முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒருங்கே சூடேறும், கழிந்துபோகும், மணி ஒலிக்காது. சூடுள்ள ஒரு பொருள் ஒன்றன் பார்வையிலிருந்து மற்றொன்றன் பார்வைக்கு நகரும்போதுதான் வேற்றுமை தோன்றி மணி ஒலிக்கும்.

அவற்றின் முன்னே பால் நிறத்தில் வரிவரியாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். பிரான்சு நாட்டு பிரெனெல் 1820-களில் கலங்கரை விளக்கத்திற்காக அமைத்த கண்ணாடியின் வழிவந்ததே அது. எதிரேயுள்ள வெளியை அது பட்டை பட்டையாகப் பகுத்துக் காட்டுகிறது. நெசவாள அன்பர்களுக்குச் சொல்வதானால், அப்பட்டைகள் விசிறிபோல் விரித்த பாவு இழைகள். ஊடைபோல் அவற்றைக் குறுக்கே கடப்பவனைக் கருவி உடனே கண்டுகொள்ளும். இழையோடு இழையாகக் கருவியை நோக்கி நேரே நடந்து வருபவனை அத்துணை எளிதில் கண்டுகொள்ளாது. இந்த ஒன்றை அறியாததால் விளைந்ததையே இனிச் சொல்லப் போகிறோம்.

நெசவாளர் சங்கம் ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டா. முற்றத்தின் கடைசியில் நூல் அறை; அதில் பட்டு நூலும் சரிகைப் பெட்டிகளும் இருந்தன. தறிக்குழியில் இறங்கி மிதிக்கக் கால் ஒத்துழையாமற் போகவே காவலுக்கு வந்த முதியவர் ஒருவர் இரவில் அங்கே இருந்து வந்தார். சித்திரை மாதத்தில் சங்கத்தார் மணி வாங்கினர். முதலில் அதை வெளி வாயில் தூணில், தெருவைப் பார்த்து, மேற்கு முகமாகப் பொருத்தினர். மாலை வெயில் முகத்தில் அடித்தது, சூடேறிய வேப்பங்கிளை ஆடியது, பேருந்து போயிற்று, நாய்கள் போயின. முதல் இரவில் நாற்பது முறைக்கு மேல் ஒலித்ததாம். பெரியவர் மறுநாளே காரியதரிசியிடம், "தம்பி, இதைத் தெருவைப் பார்க்க வைக்காதீங்க, உள்ளே திருப்பி வையுங்க" என்று சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்துத் திருப்பினர். ஆனால் எங்கே? நூல் அறைக் கதவிற்கு மேலே, வாயிலை நேர்நோக்கி. ஒலிக்கும் பெட்டியை எதிர்வீட்டு நிர்வாகக் குழு உறுப்பினரிடம் கொடுத்தனர். முன்னிரவுகளின் தூக்கக்கேட்டை நினைந்து அவ்வீட்டார் ஓசையைக் குறைத்துவைத்தனர். அத்துடன், "இனி நீங்கள் பத்து மணிக்கு வீட்டிற்குப் போகலாம்" என்று பெரியவரிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை.

அக்கினி நட்சத்திரத்தின்போது ஓர் இரவு பூட்டு உடைந்தது. சரிகைப் பெட்டிகள் போயின. பட்டு நூலிலும் ஒரு பகுதி போயிற்று. பதினாறு தறிகளுக்குப் பாவு கொடுக்க இயலவில்லை. தீபாவளிச் சேலைகளுக்குப் பாவு போட வேண்டிய வேளையில் பதினாறு குடும்பங்கள் கூலியின்றி நின்றன. விசாரணைக்கு நாம் சென்றோம். பதிவேட்டில் "இரவு முழுவதும் காவல்" என்று கண்டிருந்தது. பெரியவரோ அன்றிரவு வீட்டில் இருந்தார். "காவற்காரரின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினோம். அவ்வறிக்கையைக் கொண்டே அவரை வேலையிலிருந்து நிறுத்தினர். ஒரு மாதச் சம்பளமும் பிடிக்கப்பட்டது. பத்து மணி உத்தரவைப் பற்றி அவர் நம்மிடம் சொல்லாமலில்லை. எழுத்தில் இல்லாததை நாம் ஏற்கவில்லை. இன்ஸ்பெக்டர்களுக்கு வழக்கமாக உள்ள குறை இது, நம்மிடமும் இருந்தது.

சில வாரங்கள் சென்றபின் வேறு அலுவலாக அவ்வூரில் தங்க நேர்ந்தது. இரவு எட்டு மணிக்கு முற்றத்துக் கல்தளத்தில் செருப்பின்றிக் கால் வைக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெட்டியின் ஓசையைக் கூட்டச் சொல்லிவிட்டு, வாயிலிலிருந்து நூல் அறைக் கதவை நோக்கி நேரே நடந்தோம். கதவில் கை வைக்குமளவு நெருங்கிய பின்னும் மணி ஒலிக்கவில்லை. மூன்று முறை நடந்தோம். ஒரு முறைதான் ஒலித்தது, அதுவும் கடைசி இரண்டு அடியில். பிறகு முற்றத்தின் குறுக்கே நடந்தோம், தவறாமல் ஒலித்தது.

காரணம் இரண்டு. நேரே நடந்தது ஒன்று. மற்றொன்று கோடை. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ். பின்னாலுள்ள சுவரும் தரையும் அதே வெப்பத்தில் இருந்தால், கருவிக்கு மனிதன் சுவரோடு சுவராகிவிடுகிறான். குளிர் நாட்டில் முப்பதடிக்கு அப்பால் ஆளைக் காணும் கருவி, நம் நாட்டுக் கோடை இரவின் முற்பகுதியில் அதிற் பாதிகூடக் காணாமற் போகலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட தூரத்தை நம்பி வாங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். களவு மிகும் மாதங்களில் மணி மந்தமாகிறது என்பது வேடிக்கையன்று.

ஆதலின் கருவியை, வருபவன் குறுக்கே கடக்கும்படி வழியின் பக்கவாட்டில், இடுப்பளவு உயரத்தில் வைக்க வேண்டும். நாய்த் தொல்லை மிகுந்த இடமானால் நான்கடிக்கு மேல் உயர்த்தி, பார்வை தரையில் விழாதபடி மட்டமாக வைக்கலாம். மாலை வெயிலும், ஆடும் கிளையும், பொதுத் தெருவும் அதன் கண்ணில் படலாகாது. மூடியின் மேல் சிலந்தி கூடு கட்டினாலும், பல்லி ஊர்ந்தாலும், எறும்பு உள்ளே குடியேறினாலும் மணி காரணமின்றி ஒலிக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பது போதும். பொருத்தியபின் சங்கத்தார் தாமே கள்வரைப்போல் நான்கு திசையிலிருந்தும் நடந்து பார்க்க வேண்டும், பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. நிர்வாகக் குழுவினர் இதற்கு வெட்கப்படுவதைக் கண்டிருக்கிறோம்.

ரேடியோ அலையைப் பற்றிச் சிறிது. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கு உரிமம் வேண்டாமென 2005-இல் இந்திய அரசு விலக்களித்தது. 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவையும் கடைகளில் மிகுதி. எதுவாயினும், இவ்வலை மரத்தையும் செங்கல்லையும் ஓரளவு ஊடுருவும். இரும்புத் தகட்டை ஊடுருவாது. தகரக் கூரையும் இரும்புச் சுருள்கதவும் உள்ள பண்டகசாலையின் உட்புறம் பெட்டியை வைத்துவிட்டு, தூரம் எட்டவில்லையே என்று கடைக்காரரை நோவதில் பயனில்லை. பெட்டியைச் சன்னலோரம் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாட்டரியோ அறிவிக்காமல் ஓய்ந்துபோகும். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் மணியையும் ஒருமுறை ஒலிக்கச் செய்து, பாட்டரி மாற்றிய தேதியைக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டும் வழக்கத்தை ஒரு சங்கத்தில் கண்டோம், நல்ல வழக்கம்.

உழவர் அன்பர்களின் நிலை வேறு. மோட்டார் அறைக்குச் செல்லும் தாமிரக் கம்பியும், களத்திற் குவித்த தேங்காயும் வீட்டிற்குக் கேட்காத தூரத்தில் கிடக்கின்றன. அத்தூரத்திற்குச் சாதாரண மணி எட்டாது. சிம் அட்டையுள்ள கருவி செல்பேசியை அழைக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் கருவி ஊமையாகிவிடும். வண்டிப் பாதையோரம் புதைத்துவைக்கும் மற்றொரு வகையும் உண்டு. அது வெப்பத்தைப் பார்ப்பதன்று. இரும்பு நிறைந்த வண்டி அருகே நகரும்போது பூமியின் காந்தப் புலம் சிறிது கலைவதை உணர்வது. ஆடு மாடுகளுக்கு ஒலிக்காது, கோடையிலும் மந்தமாகாது. நடந்து வருபவனுக்கும் ஒலிக்காது. மூட்டைகளை ஏற்றிச் செல்லச் சரக்கு ஆட்டோவில் வருபவர்க்கே அது பொருந்தும்.

தோட்டக் காவலுக்கென மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் பாய்ச்சும் கொடுமையை இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. தண்ணீர் பாய்ச்சப்போன உழவரும், அவர் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே மாளக்கூடும். ஒலிக்கும் மணி யாரையும் கொல்லாது. வால்பாறையில் யானை வரவை ஊராருக்குக் குறுஞ்செய்தியாலும், உயரத்தில் எரியும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. விலங்கைத் துரத்துவது அதன் நோக்கமன்று. வழியில் நடக்கும் தொழிலாளிக்கு முன்கூட்டித் தெரிவிப்பதே நோக்கம். நம் மணியும் அந்த வகையைச் சேர்ந்ததே. அது தெரிவிக்கும், காக்காது.

தெரிவித்தால் எழுந்து வருபவர் யார் என்பதை மணி வாங்குமுன் தீர்மானிக்க வேண்டும். அண்டையிலுள்ள ஐந்து வீட்டு அங்கத்தினர் முறைவைத்துப் பெட்டியைத் தம் வீட்டில் வைத்திருக்கலாம். ஒலித்தால் தனியாக வெளியே வராமல், முதலில் விளக்கைப் போட்டு, மற்ற நால்வரையும் அழைத்து, ஐயம் இருந்தால் 112 எண்ணில் காவல் துறையை அழைக்க வேண்டும். இருட்டில் கள்வனைப் பிடிக்கப் பாய்வது வீரமாகாது. களவுக் காப்பீடு எடுத்த சங்கங்கள் மற்றொன்றையும் கவனிக்க. பூட்டையோ கதவையோ உடைத்துப் புகுந்த களவுக்கே அத்தகைய காப்பீடு பொதுவாக ஈடு தருகிறது. முதல் தகவல் அறிக்கையும், அன்றாடம் எழுதிய இருப்புப் பதிவேடும் இன்றி ஈடு பெறுவது அரிது. மணி இருந்தது என்பது இவற்றிற்கு ஈடாகாது.

முன்சொன்ன சங்கத்தைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறோம். துணை அறிக்கை ஒன்று எழுதி, முன்னெழுதிய வரியை நீக்கக் கோரினோம். பத்து மணி உத்தரவு கொடுக்கப்பட்டதை நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டு தீர்மானத்தில் பதிந்தது. பெரியவர் புரட்டாசியில் வேலைக்குத் திரும்பினார். பிடித்த சம்பளமும் கொடுக்கப்பட்டது. நாம் அவரைக் கண்டு வருத்தம் தெரிவித்தபோது, "வெயில்ல நிக்காதீங்க ஐயா, உள்ளே வாங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. போன சரிகை இன்றுவரை அகப்படவில்லை.

இப்பொழுது கருவி முற்றத்தின் பக்கச் சுவரில் இடுப்பளவில் இருக்கிறது. பெட்டி பெரியவரின் கட்டிலருகே தொங்குகிறது. ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் அவர் ஒரு நோட்டில் எழுதுகிறார். சென்ற தணிக்கையின்போது ஒரு வாரப் பக்கத்தைப் பார்த்தோம். பதினான்கு முறை ஒலித்திருந்தது. நாய் எட்டு, பால்காரர் மூன்று, காற்றில் பறந்த சாக்கு ஒன்று, காரியதரிசி ஒன்று. இரவு இரண்டே காலுக்கு ஒலித்த ஒன்றன் எதிரே, "ஆள். விளக்குப் போட்டேன். போய்விட்டான்" என்று எழுதியிருந்தார்.